எத்தனை நாப்கின் என்று எண்ணுங்கள்

வணக்கம் நேயர்களே. இன்றைக்குப் பீரியட்ஸ் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதிலும் அதிக வலி, அதிக உதிரப்போக்கு பற்றி. வீட்டில் ஆண்கள் இருக்கிறார்களே என்று யாரும் சத்தத்தைக் குறைக்க வேண்டாம், அவர்களும் கேட்கட்டும்.

நான் மகளிர் நலப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் உதிரப்போக்கு எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் "நார்மல்தான் சிஸ்டர்" என்பார்கள். சரி, ராத்திரி எத்தனை தடவை எழுந்து நாப்கின் மாற்றுவீர்கள் என்று கேட்டால்தான், "மூணு தடவை எழுந்திருப்பேன், அப்படியும் பெட்ஷீட்ல பட்டுடும், அதனால பழைய துணி விரிச்சுதான் படுப்பேன்" என்று உண்மை வெளியே வரும். அது நார்மல் இல்லை. ஒவ்வொருவருக்கும் தெரிந்தது தன்னுடைய பீரியட்ஸ் மட்டும்தானே, வேறு எதோடு ஒப்பிடுவது? அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படியே இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நம் குடும்ப வாகு இதுதான் என்று பேச்சு முடிந்துவிடும்.

குடும்பம் என்றதும் ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வருகிறது. பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவுகளில் ஒரு குடும்பத்தில் பலருக்கும் ரத்தம் லேசில் நிற்காது. அந்த வீட்டுச் சிறுமி ஒருத்தி 13 வயதில், நான்காவது மாதவிடாயின்போது, ரத்தம் நிற்காமலே இறந்துபோனாள். அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவர் 1926இல் எழுதினார். பரம்பரையாக வரும் அந்த ரத்த உறைவுக் குறைபாட்டுக்கு இன்று அவர் பெயர்தான். பெரும்பாலானவர்களுக்கு இது லேசாகவே இருக்கும், அதனாலேயே கண்ணில் படாமல் போய்விடும். வயதுக்கு வந்ததிலிருந்தே அதிகமாகப் போகிறது, அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறது, பல் பிடுங்கினால் நிற்கவே மாட்டேன் என்கிறது, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது என்றால், இத்தனையையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். தனித்தனியாகச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது.

எவ்வளவு போனால் அதிகம்? புத்தகக் கணக்கு ஒரு சுழற்சிக்கு 80 மில்லி. வீட்டில் யார் அளந்து பார்ப்பது? இவ்வளவு உறிஞ்சும் என்று நாப்கின் கவரில் போட்டிருப்பதையும் நம்பிக் கணக்குப் போட முடியாது. பல காலமாக அதை உப்புத் தண்ணீரையோ வெறும் தண்ணீரையோ ஊற்றித்தான் சோதித்தார்கள், நிஜ ரத்தத்தை வைத்துப் பல வகை நாப்கின்களையும் மாதவிடாய்க் கப்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2023இல்தான் வந்தது. இத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லையாம்! அதனால் நீங்கள் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைவது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைக்க வேண்டியிருப்பது, 7 நாளைத் தாண்டிப் போவது, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ரத்தம் உறைந்து கட்டியாக விழுவது, இதில் ஏதாவது இருந்தால் அதிகம்தான். இதில் எதிலும் சேராவிட்டாலும், அந்த நாட்களில் வேலைக்கோ பள்ளிக்கோ போக முடியாமல் படுத்துவிடுகிறீர்கள் என்றால் அதுவே மருத்துவரைப் பார்க்கப் போதுமான காரணம். இரண்டு மாதம் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்து வலி. கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது, அதுதான் கர்ப்பப்பையை இறுக்கிப் பிழிகிறது, சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதும் அதனால்தான். ஐபுபுரூஃபன், மெஃபனாமிக் ஆசிட், நாப்ராக்சன் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கும். ஆகவே வலி தாங்க முடியாமல் சுருண்டு படுத்த பிறகு ஒன்றைப் போட்டுவிட்டு "கேட்கவே இல்லை" என்பதில் அர்த்தமில்லை, அதற்குள் சுரக்க வேண்டியது சுரந்துவிட்டது. ரத்தம் பட்ட உடனே, நாள் தவறாமல் வருகிறவர்கள் என்றால் முந்தைய நாளே, சாப்பிட்ட பிறகு தொடங்கி, மருத்துவர் சொன்ன இடைவெளியில் ஓரிரு நாள் எடுத்தால்தான் பலன் தெரியும். உதிரப்போக்கும் ஓரளவு குறையும். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வலி மாத்திரையால் மூச்சுத்திணறல் வருகிறவர்களும் கேட்காமல் தொடக்கூடாது. வெந்நீர்ப் பை ஒத்தடம் நிஜமாகவே வேலை செய்யும், அதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ள வேண்டாம்.

சரியாக எடுத்தும் வலி அடங்கவில்லை, அல்லது வருடம் போகப் போகக் கூடுகிறது, உறவின்போதும் மலம் கழிக்கும்போதும் வலிக்கிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் இது இல்லை என்று ஆகிவிடாது. ஸ்கேன் ரிப்போர்ட் நார்மல் என்று கையில் கொடுத்து அனுப்பப்பட்டு, இனி வாயைத் திறக்கக் கூடாது போல என்று வருடக்கணக்கில் சும்மா இருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உதிரப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மாத்திரை இருக்கிறது. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி தன் கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்து 1962இல் வெளியிட்டது. ஹார்மோன் கிடையாது, அதிகமாகப் போகும் நாட்களில் மட்டும் எடுத்தால் போதும், பாதியளவுக்குக்கூடக் குறையும். ஆனால் வலியை இது குறைக்காது, ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கும் கூடாது.

அப்புறம் ஹார்மோன் வழி. கருத்தடை மாத்திரை வலி, போக்கு இரண்டையும் குறைக்கும். கண்ணில் ஒளி மின்னலோடு ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சில வகை மாத்திரைகள் அவர்களுக்கு ஆபத்து. கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தைப் பலர் காப்பர் டி என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். காப்பர் டி போக்கைக் கூட்டலாம், இது நேர்மாறு, பல பேருக்கு 80, 90 சதவீதம்கூடக் குறைத்துவிடும். ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் அவ்வப்போது சொட்டுச் சொட்டாகப் பட்டு எரிச்சலூட்டும், அதை யாரும் முன்னாலேயே சொல்லாததால்தான் பாதியிலேயே எடுத்துவிடுங்கள் என்று வந்து நிற்கிறார்கள்.

காரணம் தெரியாமல் வைத்தியம் சரியாக அமையாது. ஃபைப்ராய்டு என்ற கர்ப்பப்பைத் தசைக் கட்டி, பாலிப் என்ற உள்சவ்வின் சதை வளர்ச்சி, தைராய்டு, ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்துகள் என்று எத்தனையோ காரணம் உண்டு. 45 வயதைத் தாண்டியவர்களுக்கு உள்சவ்வைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிப்பதும் பெரும்பாலும் தேவைப்படும். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி பட்டாலும் காட்டியே ஆக வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது முதல் சந்திப்பிலேயே சொன்னால் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். ஃபைப்ராய்டை மட்டும் அகற்றலாம், அதற்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கலாம், இனி குழந்தை வேண்டாம் என்றால் உள்சவ்வை மட்டும் சுட்டு அழிக்கலாம். எல்லாம் பார்த்தும் எடுப்பதுதான் சரி என்று முடிவானால் அதில் தவறில்லை, எடுத்த பிறகு நிம்மதியாக இருக்கிறவர்கள் நிறையப் பேர். சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா, ஏன் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் கேளுங்கள். அதுதான் உடம்பில் இருப்பு வைத்திருக்கும் இரும்புச்சத்தின் அளவு, ஹீமோகுளோபின் நன்றாகவே இருக்கும்போதுகூட அது அடிமட்டத்தில் கிடக்கலாம், முடி கொட்டுவதும் படி ஏறினால் மூச்சு வாங்குவதும் அதனாலும் இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு எடுக்காதீர்கள், உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று உடனே நிறுத்தவும் வேண்டாம், இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் பிடிக்கும்.

கடைசியாக, மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்துகொண்டே இருந்தால், கண் இருட்டினால், மயக்கம் வந்தால், அல்லது கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருக்கும்போது இப்படிப் போனால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். கூட யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள், வண்டியை நீங்களே ஓட்ட வேண்டாம்.