குளிக்க ஒரு மணித்தியாலம்

(கிளிநொச்சியில் ஒரு சனசமூக நிலைய மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். கதிரை கிடைக்காத பிள்ளைகள் முன்னுக்கு வந்து பாயில் இருங்கள். நீட்டிப் பேச மாட்டேன்.

2016 செப்டெம்பரில் எங்கள் சந்தை எரிந்த இரவு பலருக்கு ஞாபகம் இருக்கும். கிளிநொச்சிக்கென்று தீயணைப்பு வண்டி இல்லாத காலம். எங்கள் ஒழுங்கை அண்ணர் ஒருவர் வாளியோடு ஓடினார். விடியத் திரும்பி வந்து கிணற்றுக்கட்டில் நின்று அள்ளி அள்ளி வார்த்தார். அக்கா வைத்த தேத்தண்ணி ஆறி, எறும்பு மொய்த்துவிட்டது. "என்னப்பா?" என்று கேட்டா. "ஒண்டுமில்லை" என்றார். அவ்வளவுதான்.

அந்த 'ஒண்டுமில்லை'யைப் பற்றித்தான், ஒரு நாடகத்தை வைத்துச் சொல்ல வந்தேன். 'ரெஸ்கியூ மீ' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம் 2004 முதல் 2011 வரை ஏழு சீசன் ஓடியது. 2001 செப்டெம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரத் தாக்குதலில் நியூயோர்க் தீயணைப்புப் படை 343 பேரை இழந்தது. மிஞ்சியவர்களின் கதை இது. நாயகன் டொமி கவின் எரிகிற வீட்டுக்குள் யோசிக்காமல் புகுவான். பிரிந்த மனைவியின் வீட்டுக்கு எதிரே குடியிருந்தும், தெருவைக் கடந்துபோய் ஒழுங்காக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. குடிக்கிறான்.

பெண்களை எழுதிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தீயணைப்பு நிலையத்துக்குள் நடப்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அங்கே பகிடி விடலாம், அழ முடியாது. அடுத்த மணி அடித்தால் இதே ஆட்களோடுதான் புகைக்குள் போக வேண்டும். உடைந்தவன் என்று பெயர் எடுக்க யாருக்கு விருப்பம்? வேலையில் உதவுகிற அந்த மௌனத்தைச் சப்பாத்தோடு கழற்றி வைக்க முடிவதில்லை, அது வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

நாடகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரும் நாயகனுமான டெனிஸ் லியறிக்கு இது கேள்விப்பட்ட கதை அல்ல. 1999 டிசெம்பரில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பழைய குளிரூட்டிக் களஞ்சியம் ஒன்று எரிந்தது. உள்ளே ஆள் இருப்பதாக நம்பித் தேடப் போனார்கள். தேடப்பட்டவர்கள் முன்னமே வெளியேறியிருந்தார்கள். இறந்த ஆறு தீயணைப்பாளர்களில் ஒருவர் லியறியின் ஒன்றுவிட்ட சகோதரர்.

நாடகத்திலும் ஜிமி என்று ஒன்றுவிட்ட சகோதரன் வருகிறான். கோபுரம் விழுந்தபோது செத்தவன். வீட்டாருக்குக் கிடைத்தது ஒரு விரல். அவன் டொமியின் பக்கத்தில் வந்து இருந்து கதைப்பான். இதை ஒரு உத்தி என்று விமர்சகர்கள் சொல்லலாம். 2017 பெப்ரவரி 20 முதல் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு இருக்கத் தொடங்கிய அம்மாமார் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வராத பிள்ளையோடு கதைத்துக்கொண்டே உலை வைக்கிற வீடுகள் இந்த வன்னியில் எத்தனை!

சரி, முடிக்கிறேன். வரும்போது வாசலில் தீயணைப்புப் பிரிவுத் தம்பி ஒருவரைக் கண்டேன். வேலை முடிந்து போனால் வீட்டில் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்லுறது சேர், குளிச்சிட்டுப் படுக்கிறதுதான்."

பக்கத்தில் நின்ற மனைவி சொன்னா: "குளிக்கவே ஒரு மணித்தியாலம் எடுக்கும் சேர்."