கை காலியாக இருக்க வேண்டியவர்

நேயர்களுக்கு வணக்கம். ஏப்ரல் 14 நமக்குச் சித்திரை முதல் நாள். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு அன்று வேறொரு நினைவும் உண்டு. பணியில் உயிர் விட்டவர்களுக்கு அன்றுதான் நிலைய முற்றத்தில் வரிசையாக நின்று அஞ்சலி செலுத்துவோம். தீயணைப்பு வார விழா தொடங்குவதும் அன்றைக்குத்தான்.

1944-ஆம் ஆண்டு அதே நாளில் பம்பாய் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கூடவே ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து 900 டன்னுக்கு மேல் தண்ணீரைக் கொட்டினார்கள். பஞ்சுப் பொதி எரிந்தால் உள்ளேதான் கனலும், மேலே எவ்வளவு ஊற்றினாலும் அடங்காது. மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. அரை மணி நேரத்தில் இன்னொரு வெடிப்பு. சிம்லாவில் இருந்த நிலநடுக்கமானியில்கூட அந்த அதிர்ச்சி பதிவானது. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் இறந்தார்கள்.

அந்த 66 பேருக்குத் துணிச்சல் குறைவில்லை. கப்பலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்களும் கரையில் இருந்தார்கள். கப்பலை அங்கேயே மூழ்கடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கடலுக்குள் கொண்டுபோய்விடலாம் என்று இன்னொன்று. தண்ணீர் அடித்தே அணைத்துவிடலாம் என்று மூன்றாவது. கேப்டன், துறைமுகம், ராணுவம், தீயணைப்பு என்று ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனி அதிகாரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'சரி, இதுதான் முடிவு' என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. கையில் இருந்த இரண்டு மணி நேரம் அப்படியே கரைந்து போனது.

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். நிலைய அலுவலராகச் சேர்ந்த புதிதில் ஒரு பஞ்சுக் கிடங்கில் தீ. ஒரே வண்டி, ஆறேழு பேர். இறங்கியதும் நானே பிராஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டேன். பிராஞ்ச் என்பது ஹோஸின் முனையில் தண்ணீர் பீய்ச்சுகிற பித்தளைக் குழல். அதைப் பிடித்தவனுக்கு வேறு நினைப்பே வராது. அழுத்தம் ஆளையே பின்னால் தள்ளும், கண்ணில் புகை, எதிரே இருக்கிற நெருப்பு மட்டும்தான் உலகம். என்னைவிட இருபது வயது மூத்த முன்னணித் தீயணைப்பாளர் ஒருவர் தோளைத் தொட்டார். "சார், இதை எங்கிட்டக் குடுங்க. நீங்க பின்னாடி ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனேன். பின்பக்கச் சுவர் நடுவில் வெடித்து, வெளிப்பக்கமாகப் பிதுங்கி நின்றது. அதன் காலடியில் எங்கள் பையன்கள் இரண்டு பேர் ஹோஸை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கத்தி வெளியே வரச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அந்தச் சுவர் அவர்கள் நின்ற இடத்தில் விழுந்தது.

அன்றிலிருந்து பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தலைமை ஏற்பவர் கையில் பிராஞ்ச் இருக்கக்கூடாது. வண்டியை விட்டு இறங்கியதும் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். புகையின் நிறம் என்ன, எங்கிருந்து வருகிறது, மின்சாரம் துண்டித்தாயிற்றா, உள்ளே யாராவது இருக்கிறார்களா, காற்று எந்தப் பக்கம். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு அது வேடிக்கை பார்ப்பது போலத் தெரியும். 'வீடு எரியுது, ஆபீசர் உலாத்துறார்' என்று என் காது படவே பேசியிருக்கிறார்கள். வயிற்றைப் பிசையும்தான், ஆனாலும் அந்த இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுக்கக்கூடாது. வண்டியில் வருவது சுமார் 4,500 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால் பத்தே நிமிடம். அதை எங்கே அடிப்பது என்று தெரியாமல் அடித்தால், சரியான இடம் தெரிய வரும்போது டேங்க் காலியாக இருக்கும்.

காற்றுக்கும் கணக்கு உண்டு. புகைக்குள் போகிறவர் முதுகில் கட்டும் சிலிண்டரில் சுமார் 1,800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம். படியேறி, ஆளைத் தூக்கி, பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதில் பாதிகூட நிற்காது. யார் உள்ளே போனார், எத்தனை மணிக்குப் போனார் என்பதை வெளியே ஒருவர் எழுதி வைத்தே ஆக வேண்டும். உள்ளே இருப்பவருக்கு நேரம் போவது தெரியாது.

ஒருவர் நேராகப் பார்த்துக்கொள்ளக்கூடியது ஐந்து பேர், மிஞ்சினால் ஏழு பேர். அதற்கு மேல் ஆள் வந்தால் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளரைப் போட வேண்டும். 1970-இல் கலிஃபோர்னியாவில் பெரிய காட்டுத்தீக்கள் வந்தபோது பல ஊர்ப் படைகள் ஒரே இடத்தில் சேர்ந்தன. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியவில்லை, யார் சொல்வதை யார் கேட்பது என்பதும் தெரியவில்லை. அந்த அனுபவத்தில்தான் இந்த முறை உருவானது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010-இல் இதை ஒட்டி வழிகாட்டுதல் வெளியிட்டது. வாக்கி டாக்கியில் உத்தரவு வந்தால் 'சரி சார்' என்பது போதாது. 'இரண்டாம் மாடி, கிழக்குப் படிக்கட்டு, இரண்டு பேர்' என்று கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரிய அதிகாரி வந்து பொறுப்பேற்றால் அதையும் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு உத்தரவு பறக்கும்.

எல்லாவற்றிலும் கஷ்டமான உத்தரவு, 'வெளியே வாங்க' என்பதுதான். உள்ளே தேடிக்கொண்டிருக்கிற பையன், இன்னும் ஒரு நிமிஷம் சார் என்பான். வெளியே உறவினர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். கூரை இறங்கப்போகிறது என்று தெரிந்த பிறகு, அத்தனை பேர் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லத்தான் தலைமை வேண்டும். வீட்டுக்குப் போனால் அந்த இரவு தூக்கம் வராது. எனக்கு வந்ததில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 101-க்கோ 112-க்கோ அழைத்துவிட்டு வாசலில் நிற்கும்போது, ஆளாளுக்கு ஓடி வந்து ஆளாளுக்குச் சொல்லாதீர்கள். வீட்டு விவரம் தெரிந்த ஒருவர் மட்டும் வண்டியிலிருந்து இறங்கும் அலுவலரிடம் நேராகப் போங்கள். உள்ளே எத்தனை பேர், எந்த அறை, கேஸ் சிலிண்டர் எங்கே என்ற மூன்றையும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க அவருக்கு வழி விடுங்கள்.

நன்றி, வணக்கம்.