காபிப் பொடி டப்பா

வணக்கம். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடுன்னு எங்கெங்கயோ இருந்து கேட்டுக்கிட்டு இருப்பீங்க, அடுப்புல கொழம்ப வச்சுட்டு கேக்குறவங்களும் இருப்பீங்க, அப்படியே கேளுங்க. நான் முப்பது வருஷம் பயாலஜி டீச்சர். கொரோனா நேரத்துல செய்தி பாத்துப் பாத்து நம்ம புள்ளைங்க மனசு என்ன ஆச்சுன்னு ரேடியோவுல பேசக் கூப்ட்டாங்க. மொதல்ல எங்க அண்ணன் மவன் விஷயத்த சொல்லிடறேன், பாதி அதுலயே வந்துடும்.

குடியாத்தத்துல தறி வீடு, நான் ரெண்டு வீடு தள்ளி. 2021 மே மாசம், ரெண்டாவது அலை, தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36 ஆயிரம் பேருக்கு மேல கொரோனா வந்துச்சே அந்த நேரம். பையன் பன்னெண்டாவது, எக்ஸாம் உண்டா இல்லையான்னே தெரியாம உக்காந்திருந்தான். நூல் வரல, தறி நின்னுபோச்சு, எப்பவும் சடக்கு சடக்குன்னு ஓடுற வீட்ல டிவி சத்தம் மட்டும்தான். சாயந்திரம் மாவட்டவாரியா லிஸ்ட் வரும், ஞாபகம் இருக்கா, நம்ம ஊரு எத்தனைன்னு எல்லாரும் தேடித் தேடிப் பாப்போமே. இவன் காலண்டர் தாளக் கிழிச்சு பின்னாடி எழுதுவான், வேலூர் இவ்ளோ, ராணிப்பேட்டை இவ்ளோ, திருப்பத்தூர் இவ்ளோன்னு. அழுத்தி எழுதி எழுதி சில எடத்துல தாளே ஓட்டையா போயிருக்கும்.

அவங்க ஆயாவுக்கு ஆஸ்துமா. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து போயி கட்டில் பக்கத்துல நின்னு மூச்சு வருதான்னு பாப்பானாம். அப்புறம் இந்த காபிப் பொடி டப்பா. வாசன தெரியலன்னா கொரோனான்னு நியூஸ்ல சொன்னாங்கல்ல, அதுக்காக ஒரு நாளைக்கு இருபது தடவ டப்பாவ தொறந்து மோந்து பாக்குறது. ஒரு நாள் மூஞ்செல்லாம் வெளுத்துப்போயி ஓடி வரான், "அத்த, எனக்கு வாசன வரல"ன்னு. டப்பாவ வாங்கி நானும் மோந்து பாத்தேன், எனக்கும் வரல. தொறந்து தொறந்து மூடுனதுல பொடிதான் வாசன செத்துப்போயிருந்துச்சு. ஒரு எலுமிச்ச எலயக் கிள்ளி கசக்கி மூக்குகிட்ட வச்சேன், உடனே தெரிஞ்சிடுச்சு. அப்படியே திண்ணையில உக்காந்து அழுதான், பதினேழு வயசுப் பையன்.

அப்பதான் அந்தத் தாளையெல்லாம் எடுத்துப் பாத்தேன். "ஏறிக்கிட்டே இருக்கு அத்த, எறங்கவே இல்ல"ங்கிறான். பாத்தா அவன் எழுதி வச்சிருந்தது மொத்தம்னு போடுவாங்களே, அந்த நம்பர். மொத நாள்லேர்ந்து வந்தவங்க எல்லாரும் அதுல சேத்தி, குணமாயி வீட்டுக்குப் போனவங்களும் சேத்தி, அது எப்பிடி எறங்கும் கண்ணு, எறங்கவே எறங்காதுன்னேன். டிஸ்சார்ஜ்னு ஒரு கட்டம் அதே லிஸ்ட்ல இருக்கு, அத ஒரு நாளும் எழுதல. அன்னிலேர்ந்து ரெண்டையும் எழுத வச்சேன், பக்கத்துல உக்காந்து. ஜூன் பொறந்தப்ப புதுசா வர்றவங்கள விட வீட்டுக்குப் போறவங்க ஜாஸ்தி, அத அவனே கண்டுபிடிச்சு ஆயாகிட்ட போய் சொன்னான். ராத்திரி எழுந்து போறது மட்டும் அப்பறமும் ரொம்ப நாள் இருந்துச்சு, ஒரே நாள்ல சரியாவல.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, புள்ள தனியா உக்காந்து பாத்தான், நேரம் காலம் இல்லாம பாத்தான், அதான். 2013ல அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்துல குண்டு வெடிச்சப்ப ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. டெய்லி ஆறு மணி நேரத்துக்கு மேல அந்த செய்தியவே பாத்தவங்களுக்கு, அந்த எடத்துல இருந்தவங்கள விட மன அழுத்தம் ஜாஸ்தியா இருந்துச்சாம், வீட்ல சோபாவுல உக்காந்திருந்தவங்களுக்கு! அதுலயும் வயசுப் புள்ளைங்களுக்கு, பயத்த நிதானமா அடக்கி யோசிக்கிற முன்பக்க மூளை இருபது வயசு தாண்டியும் வளந்துக்கிட்டுதான் இருக்கு. "ஏன்டா இதுக்கெல்லாம் பயப்படற"ன்னு திட்டாதீங்க. கொரோனா வந்த மொத வருஷத்துலயே பதட்டமும் மனச்சோர்வும் உலகம் பூரா 25 சதவீதம் ஏறிச்சுன்னு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லுச்சு, அதுல இளவட்டங்களுக்கு அடி பெருசுன்னும் சொல்லுச்சு. செய்திய நாளைக்கு ஒரு தடவ, ரெண்டு தடவ, நேரம் வச்சு பாருங்கன்னு 2020லயே அவங்க சொன்னதுதான். நான் கூட ஒண்ணு சேக்கறேன், பக்கத்துல உக்காந்து பாருங்க. திரும்பவும் சொல்றேன், பக்கத்துல உக்காந்து.

வாட்ஸ்அப்ல வந்த வாய்ஸ் மெசேஜ் பத்தி, ரீல்ஸ் பத்தியெல்லாம் பேசணும்னு எழுதி வச்சிருந்தேன், கண்ணாடிக்கு அந்தாண்ட ஒரு நிமிஷம்னு விரல் காட்றாங்க. சரி, ஒண்ணே ஒண்ணு. புள்ள தூங்கல, சாப்டல, ரெண்டு வாரமா அப்பிடியே இருக்குன்னா வேலூர் பாகாயத்துல மனநல ஆஸ்பத்திரி இருக்கு, கூச்சப்படாம போங்க. போக முடியலன்னா டெலி மானஸ், மனசு கஷ்டத்த போன்ல பேசறதுக்கு கவர்மென்ட் நம்பர், காசு இல்ல, ராத்திரி பகல் எப்பவும் தமிழ்லயே பேசலாம். பேனா எடுத்துக்கோங்க, 14416. ஒண்ணு, நாலு, நாலு, ஒண்ணு, ஆறு. எழுதிட்டீங்களா? வணக்கம்.