ஹேண்ட்பிரேக் இறக்கியும் பின்வீல் விடமாட்டேங்குதா? | சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கமுங்க. அடுத்த கேள்வி, ஆனைமலைப் பக்கமிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காருங்க. பழைய மாருதி 800 வெச்சிருக்காரு, தோப்புல நாலஞ்சு நாள் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திப்போட்டு எடுத்தா லீவரை இறக்கினதுக்கப்பறமும் பின்னாடி இடது வீல் பிடிச்சுக்கிட்டே வருதாம், லைனர், அதான் பிரேக் போட்டா உரசி வீல நிறுத்தற பட்டை, புதுசு மாத்தியும் ரெண்டே மாசத்துல திரும்ப அதேதானாம், என்ன பண்றதுன்னு கேக்கறாரு.

அண்ணா, லைனர் மேல தப்பு இருக்காதுங்க. எங்க பிடிக்குதுன்னு பாக்காம லைனர மாத்தினா காசுதான் போகும். மொதல்ல வண்டிய சமதரையில நிறுத்தி முன்வீல் ரெண்டுக்கும் முன்னாடி பின்னாடி கல்லு வெச்சுருங்க, ஏன்னா ஹேண்ட்பிரேக் இறக்கித்தான் பாக்கப்போறோம், அப்பறம் பின்னாடி ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டு வெச்சு வீல கையில சுத்திப் பாருங்க. சுத்தலைன்னா லீவர்கிட்ட இருக்கற அட்ஜஸ்ட்மென்ட் நட்ட நல்லா லூஸ் பண்ணிட்டு மறுக்கா சுத்துங்க. இப்ப ஃப்ரீயா சுத்துச்சுன்னா ஒருவேளை யாரோ ஓவரா டைட் வெச்சிருக்கலாம். அப்பவும் பிடிச்சா டிரம்முக்கு, அதான் வீலோட சேந்து சுத்தற பிரேக் டப்பாவுக்கு, பின்னாடி போயி லீவர்ல இருந்து வர்ற கேபிள் முனையக் கழட்டி விடுங்க, உடனே வீல் விட்டுருச்சுன்னா கேபிள்தான், வேற ஒண்ணுமில்லைங்க. கழட்டியும் விடலைன்னா வீல் சிலிண்டர்கிட்ட, அதான் பிரேக் ஆயில் வந்து லைனர தள்ளற இடத்துல, இருக்கற ஏர் எடுக்கற நிப்பிள லேசா தொறங்க, ஆயில் பீச்சிக்கிட்டு வீல் லூஸாச்சுன்னா ஆயில் திரும்ப முடியாம அடைச்சு நிக்குதுன்னு அர்த்தம், ஆயில் வர்ற ஹோஸ் பைப்ப மாத்தோணும், ஏரும் எடுக்கோணும். அதுக்கும் விடலைன்னா டிரம்முக்குள்ள கேபிள் இழுக்கற சின்ன லீவரோட பிவட், அதான் அது ஆடற அச்சு, துருப்பிடிச்சிருக்கும், இல்லைன்னா ஸ்பிரிங் செத்திருக்கும்.

நான் பாத்த வரைக்கும் நெம்ப வண்டியில கேபிள்தானுங்க. போன மழையில பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில கேபிள் முனையில தண்ணி போகாம மூடற ரப்பர் பூட் கிழிஞ்சு போயிருந்துச்சு, அத விரல்ல ஒதுக்கினதும் டீத்தண்ணி கலர்ல தண்ணி சொட்டுச்சு. கேபிளக் கழட்டி உள்கம்பிய உருவுனேன், பாதி வரைக்கும் வந்துச்சு, அப்பறம் நகரவே இல்லை, வந்த பக்கம் பூரா செங்கப்பொடி மாதிரி துரு. லீவரை மேல இழுக்கறப்ப நம்ம கை பலத்துல கம்பி வந்துரும், திரும்பிப் போறதுக்கு சின்ன ஸ்பிரிங்குதான் இழுக்கோணும், அந்தத் துருவ மீறி அதால இழுக்க முடியாதுங்க. அதனாலதான் லீவர் இறங்குது, வீல் விடறதில்லை.

கேபிளுக்குள்ள ஆயில் விட்டா சரியாகுமான்னு கேப்பீங்க. ரெண்டு வாரம் ஓடும், அப்பறம் மறுபடியும் பிடிச்சுக்கும். ரெண்டு பக்கக் கேபிளையும் புதுசா மாத்திருங்க. அப்படியே டிரம்மக் கழட்டி உள்ள பிவட்டச் சுத்தம் பண்ணி ஹை டெம்ப்பரேச்சர் கிரீஸ் துளியூண்டு வைங்க, லைனர்ல பட்டுரக்கூடாது. தூசிய ஏர் புடிச்சு ஊதவே ஊதாதீங்கண்ணா, பழைய லைனர்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நெஞ்சுக்கு ஆகாது, ஈரத்துணியில தொடைங்க.

ஷூ கேப்ப, அதான் லைனர் ஒட்டியிருக்கற ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய, மொதல்ல செட் பண்ணிட்டுத்தான் கேபிள் டைட் வெக்கோணும், தலைகீழா பண்றவங்கதான் அதிகம். லீவர இழுத்தா அஞ்சாறு கிளிக்குல நல்லாப் பிடிக்கோணும், இறக்கினா வீல் தாராளமா சுத்தோணும். இனி நாள்கணக்குல தோப்புல நிறுத்தறதா இருந்தா ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கியர்ல போட்டு வீலுக்குக் கல்லு வைங்க, மழையிலயோ வாட்டர் வாஷ் பண்ணியோ வந்த அன்னைக்கும் அப்படித்தான்.

மாத்தின பின்னாடி ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து ரெண்டு பின்வீல்கிட்டயும் உள்ளங்கைய காட்டிப் பாருங்க, தொட்டுராதீங்க. ஒரு பக்கம் மட்டும் அனலடிச்சுதுன்னா அந்தப் பக்கம் இன்னும் உரசுதுங்க, கேபிள் டைட்ட ஒரு சுத்து விட்டுக் குடுங்க.