அம்மா கண்டுபிடித்த பிளாஸ்டிக் கொழுந்து

வணக்கம் மக்களே. ஹட்டன் பக்கம் காலையிலிருந்து ஒரே மழை, இப்போதுதான் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கிறது, மறுபடி மூடுவதற்குள் இதைக் காட்டிவிடுகிறேன்.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு தேயிலை மலை செய்துகொண்டிருந்தேன், அது ரெண்டர் ஆக, அதாவது கணினி அதை முழுப் படமாக்கித் தர, இரண்டு இரவு பிடித்தது. அம்மாவிடம் காட்டினேன். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். "என்னாடா இது, சோடனைக்குக் கட்டுற பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கு, கொழுந்து எது, முத்துன இலை எதுன்னே தெரியல" என்றார். கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

இதோ, இந்தக் கொழுந்தைப் பாருங்கள். வெயில் என் முதுகுப் பக்கம் இருக்கும்போது சாதாரணப் பச்சை. அப்படியே திரும்பி வெயிலுக்கு நேரே பிடிக்கிறேன்... பார்த்தீர்களா? மஞ்சள் கலந்து, உள்ளே விளக்கு வைத்த மாதிரி, நரம்பெல்லாம் தெரிகிறது. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். மிஞ்சுகிற ஒளி செல் சுவரிலும் நடுவில் இருக்கிற காற்று இடைவெளியிலும் முட்டிச் சிதறி, கொஞ்சம் வந்த பக்கமே திரும்பும், கொஞ்சம் மறுபக்கம் போகும். நானோ இரண்டுக்கும் ஒரே பச்சை கொடுத்திருந்தேன். போதாததற்கு பளபளப்புக்கும் பச்சை! அது மேலே இருக்கிற மெழுகுத் தோலில் பட்டுத் தெறிக்கிற ஒளி, உள்ளேயே போகாதது, வெயிலின் நிறத்தில்தான் இருக்கும்.

திருத்தம் சின்னதுதான். ஒரு பொருள் ஒளியை என்ன செய்யும் என்று சொல்கிற அமைப்புதான் ஷேடர். ஒளியை வந்த பக்கமே சிதறவிடுகிற டிஃப்யூஸோடு, மறுபக்கம் விடுகிற டிரான்ஸ்லூசென்ட் ஷேடரை மிக்ஸ் பண்ணி, டிரான்ஸ்லூசென்ட்டுக்கு மஞ்சள் தூக்கலான நிறம், மேலே பளபளப்புக்கு வெள்ளை கிளாஸி. என் இலைகள் தடிப்பே இல்லாத ஒற்றைத் தகடு, அதனால் மெழுகுவர்த்தி மாதிரி தடித்த பொருளுக்குள் ஒளி பரவுவதைக் காட்டப் போடுகிற சப்சர்ஃபேஸை இதில் தொடவே வேண்டாம்.

கொழுந்துப் பிரச்சினைக்கு புராஸ்பெக்ட் (PROSPECT) என்ற கணித மாதிரி கைகொடுத்தது. 1990இல் வந்தது, செயற்கைக்கோள் படத்தில் பயிரைப் படிக்கிறவர்களுக்காக. பச்சையம், தண்ணீர் அளவைக் கொடுத்தால் இலை எந்த நிறத்தை எவ்வளவு திருப்பும், எவ்வளவு உள்ளே விடும் என்று கணக்குப் போட்டுத் தரும். பச்சையத்தைக் குறைத்தேன், கொழுந்து வந்தது. கூட்டினேன், முத்தின இலை.

புது ரெண்டரை நேற்று அம்மாவிடம் காட்டினேன். இலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. "கவ்வாத்து வெட்டி எத்தனை வருஷம் ஆச்சு, செடி இவ்வளவு உயரமா நிக்குது?" என்று கேட்டார்.

சரி, மூடிவிட்டது, மழை வருகிறது, கேமராவை உள்ளே எடுக்கிறேன்.