போனஸில் ஒரு பங்கு

(தீபாவளிக்கு முந்தைய வாரம் திருப்பூரில், பனியன் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிந்த கையோடு நேராக இங்கே வந்திருக்கும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

இந்த வாரம் நம் ஊரில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான்: "உங்க கம்பெனில போனஸ் போட்டாச்சா? எத்தனை பர்சன்ட்?" 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம், பின்னால் வந்த திருத்தங்களோடு சேர்த்து, குறைந்தது 8.33 சதவீதம், கூடிப்போனால் 20 சதவீதம் என்று வகுத்தது. 8.33 என்றால் வருஷக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு மாதக் கூலி. அது கைக்கு வருமுன்பே பிள்ளைகளுக்குத் துணி, ஊருக்குப் பஸ் செலவு, அடகில் இருக்கும் நகை, சீட்டுப் பாக்கி என்று செலவுகள் வரிசையில் நிற்கின்றன. அந்தப் பணத்திலிருந்து அடுத்தவருக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். "எங்களுக்கே பத்தல" என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான். ஆகவே புண்ணியக் கணக்கை இன்று எடுக்கவில்லை. கொடுக்கிறவருக்கு இங்கேயே, இப்போதே என்ன கிடைக்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் நமக்கென்றே செய்தது போல ஒரு பகுதி இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கம்பெனி ஒன்றில் போனஸ் வாங்கிய 16 பேரை, வாங்குவதற்கு முன்னும் வாங்கி ஆறு முதல் எட்டு வாரம் கழித்தும் விசாரித்தார்கள். யார் சந்தோஷமாக இருந்தார்கள்? பெரிய போனஸ் வாங்கியவர்கள் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் போனஸின் அளவுக்கும் சந்தோஷத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. பிறருக்காக எவ்வளவு செலவழித்தார்கள் என்பதற்குத்தான் தொடர்பு இருந்தது.

16 பேர் மிகச் சின்னக் கணக்கு. அதை வைத்து மட்டும் நான் மேடை ஏறியிருக்க மாட்டேன். அவர்கள் கனடாவில் வான்கூவரிலும் ஒரு சோதனை செய்தார்கள். காலையில் ஒருவர் கையில் ஒரு கவர். உள்ளே 5 டாலர், அல்லது 20 டாலர். மாலை ஐந்து மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். சிலர் தங்களுக்கென்று செலவழிக்க வேண்டும், சிலர் பிறருக்காக. சாயங்காலம் கேட்டபோது பிறருக்காகச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பதால் வித்தியாசம் வரவில்லை. 2020-இல் 712 பேரை வைத்து, கொடுப்பதன் பலனை வேறு விதமாகச் சோதித்தபோதும் முடிவு அந்தப் பக்கமே சாய்ந்தது.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. இதே நான்கு நிலைமைகளைச் சொல்லி, எதில் மகிழ்ச்சி அதிகம் என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் 20 டாலர், அதுவும் தனக்கே, என்றார்கள். நமக்கு எது இனிக்கும் என்பதையே நாம் தப்பாகக் கணிக்கிறோம்! போனஸ் நாளன்று குமரன் ரோட்டுக் கடைகளைப் பார்த்து நடக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

எப்படிக் கொடுத்தாலும் இந்தப் பலன் வந்துவிடுமா? வராது. தலை தீபாவளிச் சீரை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம் போடக் கடன் வாங்கும் அப்பனுக்கு அந்த ராத்திரி தூக்கம் வருகிறதா? அதைக் கொடை என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன், அது வசூல். நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிற மொய்க்கு அதற்கான பயன் உண்டு, ஆனால் அங்கேயும் நான் பேசுகிற மகிழ்ச்சியைத் தேட வேண்டாம். மனம் விரும்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தது யாருக்கு, எதற்கு உதவியது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். முடிந்தால் கூட உட்கார வேண்டும். ஒரு சோதனையில் காபிக்கடை அட்டை கொடுத்தார்கள். அதைக் கொண்டு இன்னொருவருக்கு வாங்கிக் கொடுத்து, அவரோடு நேரமும் செலவிட்டவர்கள்தான் அதிக மகிழ்ச்சி அடைந்தார்கள்.

கூட உட்கார ஆள் தேடி நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. தீபாவளிக்கு மதுரை, தேனிப் பக்கம் பஸ் ஏறி நம்மில் பாதிப் பேர் கிளம்பிவிடுவோம். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து நம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவர்களில் பலருக்கு இரண்டு நாள் ரயில் பயணம் கட்டுப்படியாகாது. லைன் வீட்டு அறையிலேயே அவர்களுக்குப் பண்டிகை கழிகிறது.

எனக்குத் தெரிந்த ஓவர்லாக் டைலர் அக்கா ஒருவர், போன தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு, எதிர் அறைப் பையன்களைக் கூப்பிட்டுத் தன் வீட்டு இலையில் சோறு போட்டார். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை, அக்காவுக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. ஆறு நாள் கழித்து அந்தப் பையன்கள் சட் பூஜை, அதாவது அவர்கள் ஊர்ப் பக்கம் சூரியனைக் கும்பிடும் பண்டிகை, கும்பிட்டு, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துச் செய்த தேக்குவா என்ற பலகாரத்தைக் கொண்டுவந்து தந்தார்கள். அக்கா என்னிடம் சொன்னது இது: "முன்னெல்லாம் அவனுக சத்தமா போன் பேசுனா எரிச்சலா வரும். இப்ப சத்தம் கேக்கலீன்னா, உடம்புகிடம்பு சரியில்லையோன்னு எட்டிப் பாக்கறேன்." அந்தச் சாப்பாட்டுக்கு அவருக்கு ஆன செலவு எவ்வளவு இருக்கும்? எரிச்சலோடு இருந்த வாசல் உறவோடு இருக்கிற வாசலாக மாறியதற்கு என்ன விலை போடுவீர்கள்?

பண்டிகைக்கு இங்கேயே தங்கப் போகிற வெளிமாநிலத் தொழிலாளர்களின் அறைகளை, வீதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வாசல் மேஜையில் வைத்திருக்கிறோம். ஊருக்குப் போகாத குடும்பங்கள், வீட்டுக்கு ஓர் அறை என்று உங்கள் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். பணம் யாரும் வசூலிக்க மாட்டோம். தீபாவளியன்று மதியம் அவர்களை நீங்களே போய்க் கூப்பிட்டு, கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். சட் பூஜையன்று அவர்கள் கூப்பிட்டால் நீங்களும் போங்கள்.