சிலந்தி என்று பெயர் வாங்கிய சிங்கி இறால்

முட்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் வந்திருக்கிற பெரியோர்களே, கல்லூரிப் பிள்ளைகளே, வணக்கம்.

லாப்ஸ்டர் என்று ஆங்கிலத்தில் சொல்கிற சிங்கி இறாலை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அதன் குஞ்சைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? முட்டையிலிருந்து வரும்போது அதில் இறாலின் சாயலே இருக்காது. கண்ணாடித் தாளை வெட்டியெடுத்ததுபோல் தட்டையான உடல், நூல் நூலாக நீண்ட கால்கள். கரையை விட்டு வெகுதூரத்தில் மாதக்கணக்கில் மிதந்து, பலமுறை ஓடு கழற்றி வளர்ந்த பிறகுதான் அது பாறைப் பக்கம் வரும்.

இவ்வளவு மெல்லிய உயிர் கல்லாகுமா? ஆகியிருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோஃபன் என்ற ஊர். அங்குள்ள சுண்ணாம்புக்கல்லுக்கு வயது சுமார் 15 கோடி ஆண்டு. கல்லச்சுத் தொழிலுக்குப் பேர்போன அந்தக் கல்லைப் பலகை பலகையாகப் பிளந்தபோது, நெடுங்கால்களோடு சின்னச் சின்ன உருவங்கள் கிடைத்தன. 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அவற்றைச் சிலந்தி இனத்தில் சேர்த்து, ஃபாலஞ்சைட்டிஸ் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அதே கற்களை மறுபடி எடுத்துப் பார்த்துத்தான், இவை சிங்கி இறால் வகையின் குஞ்சுகள் என்று கண்டார்கள்.

மறுபடி எடுத்துப் பார்க்கக் கல் இருந்ததே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம். அருங்காட்சியகத்தின் இழுப்பறையில், கிடைத்த இடம் எழுதிய சீட்டோடு அது காத்திருந்தது. சீட்டு தொலைந்த புதைபடிவம் பாதி செத்ததற்குச் சமம் என்பேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இறால் ஓடு கழற்றும்போது முதுகு ஓட்டுக்கும் வாலுக்கும் நடுவே பிளந்து, அந்த வழியாக வெளியே வரும். கல்லில் முதுகு ஓடு தூக்கிச் சாய்ந்து கிடந்தால், அது பெரும்பாலும் கழற்றிப்போட்ட சட்டை. முதுகும் வாலும் நேராகப் பொருந்தியிருந்தால் செத்த உடலாக இருக்கலாம். இந்த வித்தியாசத்தை, ஓடு கழற்றிய இறாலைக் கையில் பிடித்துப் பழகியவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் சார்னோகைட் போன்ற, வெப்பத்தில் உருமாறிய பழம்பாறைகள். அவற்றில் நண்டையும் இறாலையும் தேடிப் பயனில்லை. புதைபடிவம் பார்க்க வேண்டுமானால் பிள்ளைகள் அரியலூருக்குப் போகட்டும். பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியஸ் காலத்தில் அங்கே கடல் இருந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய ஓடு வேண்டுமே, அதை நீங்கள்தான் தர முடியும். சிங்கி இறால் கழற்றிய ஓடு முழுசாகக் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். நிழலில் உலர்த்தி, மீன்பிடித் துறையின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்து, பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறையில் கொடுங்கள்.